ரீட்மீயையும் டெஸ்ட்டில் சேர்த்தேன்

நான் பராமரிக்கும் சின்ன பைத்தான் ஃப்ரேம்வொர்க்கைப் புதிதாக எடுப்பவர்கள் முதல் படியிலேயே தடுக்கி விழுந்தார்கள். கோட் பல வெர்ஷன் தாண்டி வந்துவிட்டது. ரீட்மீயில், அதாவது கோடோடு வரும் அறிமுகக் கோப்பில், உள்ள உதாரணம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அதை காப்பி செய்து ஒட்டினால் ஓடாது. அப்புறம் யார் மேற்கொண்டு படிப்பார்கள்?

கைகொடுத்தது டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி. 2001-இல் வந்த பைத்தான் 2.1 முதலே கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். >>> குறிக்குப் பின்னால் உள்ள வரியை ஓட்டி, கீழே எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும். ரீட்மீ கோப்பை அப்படியே அதனிடம் கொடுக்கலாம். ஒரு சின்னச் சிக்கல்: ரீட்மீ எழுதப் பயன்படும் மார்க்டவுன் வடிவத்தில் கோட் பகுதியை மூடும் ``` குறியையும் எதிர்பார்க்கும் விடையின் பகுதி என்றே அது எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு வெற்று வரி விட்டதும் சரியாயிற்று. இப்போது ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) இது ஓடுகிறது; ஃபங்ஷன் பெயரை மாற்றிவிட்டு ரீட்மீயைத் தொடாமல் போனால் சிவப்பு விளக்குதான்.

அடுத்து எரர் மெசேஜ்கள். "கீ எரர்: 'ஹோம்'" என்று மொட்டையாக வந்ததை, "'ஹோம்' என்ற ரூட் பதிவாகவில்லை, பதிவானவை: 'லாகின்', 'அபவுட்'" என்று மாற்றினேன் (ரூட் என்பது ஒரு பக்கத்துக்குப் போகும் வழி). என்னைக் கேட்டால், நீளமான வழிகாட்டிப் பக்கங்களைவிட இந்த ஒரு வரிக்குத்தான் பலன் அதிகம். ஆவணத்தைத் தேடிப் போகாதவர் கண்ணிலும் அது படும்.