'கடை' என்றால் 'தடை' என்று எழுதிய பையன்

என் மகன் 'கண்' என்பதைத் 'தண்' என்பான். பள்ளி சேர்ந்ததும் அது நோட்டிலும் ஏறிவிட்டது. சொல்வதைக் கேட்டு எழுதச் சொன்னால் 'கடை' 'தடை' ஆகும். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் ஒரு பிழையும் இராது. ஆக, கண்ணிலும் கையிலும் கோளாறு இல்லை. செவித்திறன் பரிசோதனையிலும் குறையில்லை.

பக்கம் பக்கமாக 'க' எழுதவைத்தோம், பயனில்லை. கண்ணாடி முன் நிறுத்திச் சொல்லவைத்தோம். அதுவும் வீண்தான்: 'க' பிறப்பது அடிநாவில், கண்ணாடியில் தெரிவதோ உதடும் பல்லும்.

பேச்சுப் பயிற்சியாளர் அவனைச் சற்று நேரம் பேசவிட்டுக் கேட்டார். 'அக்கா', 'மூக்கு', 'பக்கம்' எல்லாம் சுத்தமாக வந்தன. சொல்லின் முதலில் வரும் 'க' மட்டுமே தகராறு! வீட்டில் இத்தனை பேர் இருந்தும் எங்கள் காதில் இது விழவில்லை.

அங்கிருந்தே தொடங்கினார். 'அக்' என்று சொல்லி, நாக்கை அப்படியே நிறுத்தி, பிறகு 'கண்'. நாளடைவில் 'அக்' முணுமுணுப்பாகி, பின்பு ஓசையே இல்லாமல் நாக்கின் அசைவு மட்டும் மிஞ்சியது.

அடுத்து இரண்டு படங்கள்: காயத்துக்குப் போடும் கட்டு, சாப்பிடும் தட்டு. கட்டு வேண்டும் என்று நினைத்துத் 'தட்டு' என்றான். அவர் தட்டுப் படத்தையே நீட்டினார். திருத்தவில்லை, திட்டவுமில்லை. முகத்தைச் சுளித்து, ஒரு கணம் நிறுத்தி, "கட்டு" என்றான். சரியாகச் சொன்ன கையோடு 'க' எழுத்து அட்டையை எடுத்துவைக்க வேண்டும்.

இப்போது கேட்டு எழுதுவதில் 'கடை' கடையாகவே வருகிறது. வேகமாகப் பேசினால் மட்டும் எப்போதாவது வழுக்குகிறது. அதற்கு இன்னும் பயிற்சி நடக்கிறது.