மலையேறி வரும் மைப் பேனைகள்: சந்திப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி அறை. நீளமான மேசை, பிளேன்டீ, உளுந்து வடை, நடுவே பவுண்டன் பேனைகள். சங்கம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. தலைவரும் இல்லை, பொருளாளரும் இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிய இருவர், கொழும்பில் வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வரும் பையன்கள் சிலர். பேனைகள் உடைவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த மேசையில்தான் நடக்கிறது. வீட்டில் இருபது வருடம் பத்திரமாக இருந்த பேனை, இங்கே வந்த பத்தாவது நிமிடத்தில் காயப்படும்.

போன முறை கொழும்பிலிருந்து வந்த பையன் ஒருவன் மூடியைக் கழற்றினான். நிப், கழுத்து, மூடியின் உட்புறம் எல்லாம் நீல மை. சட்டைப் பையிலும் ஐந்து ரூபாக் குற்றி அளவில் ஒரு பொட்டு.

“அண்ணே, போன மாசம்தான் வாங்கினேன். இப்பவே ஒழுகுது.”

“ஒழுகல தம்பி. மலை ஏறி வந்திருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் விஷயம் உண்மை. கடலோரத்துக் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஏறக்குறைய 1,270 மீற்றர் ஏற வேண்டும். நுவரெலியா என்றால் 1,868 மீற்றர். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். ஹட்டனில் அது கொழும்பைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. ஆனால் பேனைக்குள் அடைபட்டிருப்பது கொழும்புக் காற்று. வெளியே அழுத்தம் தளர்ந்ததும் அது விரியப் பார்க்கும். விரிய இடம் வேண்டுமே, மையை நிப் வழியாகத் தள்ளிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண கன்வேர்ட்டரில், அதாவது மையை உறிஞ்சி வைக்கும் கழற்றக்கூடிய சின்னக் குழாயில், அரை மில்லிலீற்றர் காற்று இருந்தால், ஹட்டன் வந்து சேரும்போது தள்ளப்படும் மை ஒன்றிரண்டு துளிதான். நிப்புக்கு அடியில் இருக்கும் சீப்புப் பற்கள் போன்ற வெட்டுகள் இதைத் தாங்கிக்கொள்வதற்காகத்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் டிராப்பரால் உடம்பு நிறைய மை ஊற்றும் பழைய வகைப் பேனை வேறு சாதி. அதில் மை முக்கால்வாசி தீர்ந்து இரண்டு மில்லிலீற்றர் காற்று இருந்தால், ஆறு துளிக்கு மேல் வெளியே வரும். மலைக் குளிர் அந்தக் காற்றைக் கொஞ்சம் சுருக்கும் என்பதும் சரிதான், ஆனால் அது போதாது.

ஆக, முதல் தவறு அரைகுறையாக மை உள்ள பேனையைப் பையில் படுக்கப் போட்டு மலை ஏறுவது. ஒன்று, விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வாருங்கள், உள்ளே காற்றே இருக்காது. அல்லது கழுவிக் காலியாக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டும் முடியாவிட்டால் நிப் வானத்தைப் பார்க்கும்படி சட்டைப் பையில் குத்தி வையுங்கள். காற்று மேலே போய் நிப் வழியாகவே வெளியேறிவிடும், மை கீழே கிடக்கும். வந்து சேர்ந்ததும் அதே நிலையில் பிடித்து, ஒரு டிஷ்யூவைச் சுற்றி மூடியைத் திறக்க வேண்டும்.

அந்தப் பையன் இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருந்தான். பஸ்ஸிலேயே நிப்பைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறான். திரும்பச் சொருகும்போது நிப்பின் இரண்டு நாக்குகளில் ஒன்று மற்றதைவிட மயிரளவு மேலே நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, தாளுக்குத் தெரியும்: ஒவ்வொரு கோட்டிலும் கிறீச்சென்று கீறல். நல்ல வேளை, உப்புத் தாள் தேய்த்து ‘மிருதுவாக்க’ யாரும் வரவில்லை. நிப்பின் நுனியில் இருக்கும் கெட்டி உலோகக் குமிழ் கடுகில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. உப்புத் தாளில் அது தேய்ந்து போனால் அப்புறம் அந்த நிப்புக்கு உயிர் இல்லை.

அடுத்தது மற்றவர் பேனையைத் தொடுவது. கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் பிசகுகிறது. “எழுதிப் பார்க்கலாமா?” என்பதற்கு முன்னால் “மூடி இழுப்பதா, திருகுவதா?” என்று கேளுங்கள். பார்க்கர் 51க்கு இழுக்கும் மூடி. அதைத் திருகினால் மூடி சுற்றிக்கொண்டே இருக்கும், மூடிக்குள் இருக்கும் உடம்பில் கீறல் விழும். திருகும் மூடியை இழுத்தால் இழை போய்விடும்.

பார்க்கர் 51 என்றதும் இன்னொன்று. 1941இல் விற்பனைக்கு வந்த பேனை அது. நிப் முழுக்க முக்காட்டுக்குள் இருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். 1948க்குப் பின் வந்தவற்றின் உடம்பைக் கழற்றினால் உள்ளே ஒரு உலோகக் குழல் தெரியும், அதில் அழுத்துகிற பட்டை ஒன்று இருக்கும். இப்போதைய பேனைகள் பழகியவர்களுக்கு அது கன்வேர்ட்டர் மாதிரியே இருக்கும். “இத எப்படிப் புடுங்குறது?” என்று கேட்டுக்கொண்டே இழுப்பார்கள். அது பிடுங்குவதற்கானது அல்ல. உள்ளே மைப்பை இருக்கிறது, குழல் அதற்குக் கவசம். எங்கள் மேசையில் ஒருமுறை, தகப்பனார் விட்டுப்போன 51 ஒன்றில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த அறையில் சில நிமிடம் யாரும் பேசவில்லை.

51ஐப் பார்த்துச் செய்யப்பட்ட சீனத்து ஹீரோ 616ஐக் கொண்டுவந்து “பார்க்கர்தான்” என்று சாதிப்பவர்களும் உண்டு. அது ஒரு தவறு என்றால், “ஹீரோவா?” என்று உதட்டைப் பிதுக்குவது அதைவிடப் பெரிய தவறு. பள்ளிக்கூடத்தில் நான் கொப்பி நிறைத்ததெல்லாம் ஹீரோவில்தான்.

எழுதிப் பார்க்கும்போது அழுத்தாதீர்கள். குமிழ்முனைப் பேனை அழுத்தினால்தான் எழுதும். மைப் பேனை தாளைத் தொட்டாலே எழுதும். நிப் வளைகிறதா என்று பார்க்க அழுத்தி அகலக் கோடு போடுவது சொந்தப் பேனையோடு நிற்கட்டும். அப்புறம், ஒரே ஒரு வரி எழுதிவிட்டு “மை பரவுது, நிப் சரியில்லை” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பனி மூட்டமான நாளில் இரண்டு மணி நேரம் திறந்து கிடந்த சிஆர் கொப்பியின் தாள் ஈரத்தைக் குடித்திருக்கும். அதில் எந்த மையும் நூல் நூலாகத்தான் பரவும். பொலித்தீனில் சுற்றி வைத்த நல்ல தாள் நாலு கொண்டுவாருங்கள். எல்லாப் பேனையையும் அதிலேயே எழுதிப் பாருங்கள்.

மைக்கு வருவோம். ஓவியர்கள் பாவிக்கும் இந்தியன் இங்க்கை அழகான கறுப்பு என்று பேனையில் ஊற்ற வேண்டாம். அரக்குப் பசை கலந்தது, உள்ளே காய்ந்தால் கல். ஸ்டாம்ப் பேட் மையும் வேண்டாம். மற்றவர் போத்தலுக்குள் உங்கள் பேனையை நேரே முக்காதீர்கள், சிரிஞ்சில் எடுத்து மிஞ்சியதைத் திரும்ப ஊற்றவும் வேண்டாம். நம் மலைக் காற்றில் பூஞ்சணத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. போத்தலுக்குள் பாலாடை மாதிரி ஏதாவது மிதந்தால், வாடை அடித்தால், விலையைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அந்த மை போன பேனைகளையும் கழுவ வேண்டும்.

கழுவுவது பச்சைத் தண்ணீரில். ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் உடம்புகள் வெடிக்கும், இளகும். வெந்நீரும் வேண்டாம், முக்கியமாக எபொனைட் பேனைக்கு. எபொனைட் என்பது இறப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியது. கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம். கறுப்பு எபொனைட்டை வெந்நீரில் ஊறவிட்டாலும் வெயிலில் காயவைத்தாலும் பழுப்பேறும். ஏறிய பழுப்பு தானாக இறங்காது.

எனக்கு மிகவும் வலிப்பது மினுக்குவது. சந்திப்புக்குப் போகிறோமே, பளபளவென்று இருக்கட்டும் என்று பித்தளை விளக்கும் மருந்தைப் போட்டுத் தேய்ப்பார்கள். அழுக்கு போகும், தங்க முலாமும் கூடப் போகும். போன வருடம் ஒருவர் கொண்டுவந்த பேனையின் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலிருந்தது. சாய்த்துப் பிடித்தபோது வெளிச்சத்தில் பாதி எழுத்துகள் தெரிந்தன: ஏதோ ஒரு எஸ்டேட்டின் பெயர், அதன் கீழே ஒரு கிளாக்கரின் முதலெழுத்துகள். ஓய்வு பெற்ற நாளில் தோட்டத்தில் கொடுத்த பரிசாக இருக்கும். பெயர் வெட்டிய பேனைக்கு விலை குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மனுஷன் தேய்த்துவிட்டார். கொழும்புச் சந்தையில் குறைவாக இருக்கலாம். எங்கள் மேசையில் அந்தப் பெயர்தான் பேனை. யாருடையது, எந்தத் தோட்டம், எத்தனை வருடம் செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு) எழுதிய கை என்று பேசத்தான் நாங்கள் கூடுகிறோம்.

வைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. தோல் உறையில் மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஜூன், ஜூலை மழையில் உறையோடு பேனையும் பூஞ்சணம் பூக்கும். அதற்குப் பயந்து பூச்சி உருண்டை போடுவது இன்னும் மோசம், அந்த வாடை சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், அது ஈரமானதும் மாற்றுங்கள்.

திரும்பிப் போகும்போது கண்டிக்கோ கொழும்புக்கோ இறங்குகிறவர்களுக்குக் கவலையில்லை. இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மை வெளியே வராது. பண்டாரவளைப் பக்கம் ரயிலில் போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். அதுவும் ஏறக்குறைய ஹட்டன் உயரம்தானே என்று பேனையைப் பையில் எறிந்துவிடுவார்கள். ஆனால் இடையில் பட்டிப்பொல இருக்கிறது, ஏறக்குறைய 1,890 மீற்றரில், இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம். ஆகவே ஹட்டன் ஸ்டேஷனிலேயே பேனையை எடுத்து நிமிர்த்திக் குத்திக்கொள்ளுங்கள், பட்டிப்பொல தாண்டும் வரை திறக்க வேண்டாம்.