மரபியல் சொற்கள்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டாணிச் செடியில் ‘நெட்டை ஜீன்’, ‘குட்டை ஜீன்’ என இரண்டு ஜீன்கள் (பண்புகளைத் தீர்மானிக்கும் மரபு அலகுகள்) இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். மரபியலின் முன்னோடி மெண்டல் ஆராய்ந்த உயர வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே ஜீன்தான். அந்த ஜீனின் இரண்டு மாற்று வடிவங்களே அல்லீல்கள். ஜீன்களைத் தாங்கும் இழையான குரோமோசோமில் ஜீனுக்குரிய இடம் ஒன்றே. அங்கே எந்த வடிவம் இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறலாம். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே ஆங்கில எழுத்து: நெட்டைக்குப் பெரிய டி, குட்டைக்குச் சின்ன டி. குட்டைக்கு வேறு எழுத்தைப் போட்டால் அது வேறொரு ஜீனைக் குறித்துவிடும்.

அதிகக் குழப்பம் தருவது ‘ஓங்கு’ என்ற சொல். ஓங்கு பண்பு என்றால் வலிமையானது, நல்லது, பெரும்பாலோரிடம் இருப்பது என்று நினைக்கிறார்கள். மூன்றும் தவறு. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்த அல்லீல்கள் வேறுவேறாக ஓர் உயிரியில் சேர்ந்திருக்கும்போது எதன் விளைவு வெளியே தெரியும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஓ இரத்த வகைக்கான அல்லீல், ஏ, பி இரண்டுக்கும் ஒடுங்கியது, அதாவது அவற்றோடு சேர்ந்திருந்தால் வெளியே தெரியாதது. ஆனாலும் உலகில் அதிகம் பேருக்கு இருப்பது ஓ வகைதான். ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு அல்லீலால் வருகிறது. பிறப்பவர்களில் பெரும்பாலோருக்கோ ஐந்து விரல்தான்.

ஓங்கு அல்லீல் மற்றதை ‘அழித்துவிடுகிறது’ என்றும் எழுதக் கூடாது. ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செயல்படும் வடிவுக்கு மாற்ற ஒரு நொதி வேண்டும். சின்ன டி அந்த நொதியைச் சரியாகத் தராது. பெரிய டி ஒன்று இருந்தாலே போதிய நொதி கிடைத்து, செடி நெட்டையாகிறது. சின்ன டி எந்தச் சேதமும் இல்லாமல் உள்ளேயே இருக்கிறது. தூய நெட்டையையும் குட்டையையும் கலந்து பெற்ற முதல் தலைமுறையில் காணாமல்போன குட்டைத்தன்மை இரண்டாம் தலைமுறையில் திரும்பி வருவது இதனால்தான்.

‘இரண்டாம் தலைமுறையின் விகிதம் என்ன?’ என்று கேட்டால், எதன் விகிதம் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். புறத்தோற்ற (வெளியே தெரியும் பண்பின்) விகிதம் 3:1, மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. ஜீனாக்க (உள்ளே இருக்கும் அல்லீல் சேர்க்கையின்) விகிதம் 1:2:1, அதாவது இரண்டும் பெரிய டி, பெரிய டி ஒன்றும் சின்ன டி ஒன்றும், இரண்டும் சின்ன டி. குட்டைச் செடியின் ஜீனாக்கத்தைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். நெட்டைச் செடிக்கு அது முடியாது. குட்டையோடு கலந்து பார்க்க வேண்டும். சந்ததியில் ஒரே ஒரு குட்டை வந்தாலும் அந்த நெட்டைச் செடியிடம் சின்ன டி இருந்திருக்கிறது.

சந்ததியின் ஜீனாக்கங்களைக் கணிக்க வரையும் பன்னட் கட்டத்தின் ஓரத்தில் எழுதுவது கேமீட்டை (இனச்செல்லை), பெற்றோரின் முழு ஜீனாக்கத்தை அல்ல. ஒரு பண்புக் கலப்பில் ஒரு கேமீட்டுக்கு ஓர் எழுத்துதான். கட்டத்தின் ஓர் அறைக்குள் நான்கு எழுத்து வந்தால் உள்ளே அடித்துத் திருத்தாதீர்கள், ஓரத்தைச் சரிபாருங்கள்.

3:1 என்பது நிகழ்தகவு. மெண்டல் எண்ணிய 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை, அதாவது 2.84:1. நான்கு விதைகளை மட்டும் விதைத்தால் சரியாக மூன்று நெட்டை, ஒரு குட்டை வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 42 விழுக்காடுதான். மனிதர்களிடமும் அப்படியே. ஒரு நோய்க்கான ஒடுங்கு அல்லீலைத் தாய், தந்தை இருவரும் ஒவ்வொன்று வைத்திருந்தால், முதல் குழந்தைக்கு அந்த நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவர் தப்புவர் என்று பொருளில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

வகுப்பில் நாக்கைச் சுருட்டச் சொல்லி, அதை ஓங்கு பண்புக்கு எடுத்துக்காட்டாகக் காட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் சுருட்டுவதும் மற்றவரால் முடியாமல் போவதும் 1952-லேயே பதிவாகிவிட்டது. பெற்றோர் இருவராலும் முடியாததைத் தான் செய்வதாக வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பிள்ளை தன் பெற்றோரையே சந்தேகிக்க இந்தப் பாடம் இடம்கொடுக்கிறது. கண் நிறமும் தோல் நிறமும்கூடப் பல ஜீன்களால் அமைபவை. இரண்டு எழுத்தில் அடங்காது.

‘பிறவிக் குறை’யும் ‘பரம்பரை நோயு’ம் ஒன்றல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை காது கேளாமல் பிறக்கக்கூடும். அது பிறவியிலேயே உள்ளது, ஆனால் பரம்பரையானது அல்ல. மூளையைப் பாதிக்கும் ஹண்டிங்டன் நோய் பரம்பரையானது. அறிகுறிகளோ பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள்தான் தொடங்குகின்றன.