எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே சரிசெய்வது: முதலில் நெக், பிறகுதான் மற்றதெல்லாம்

சென்ற ஐப்பசியில் என் கிட்டாருக்குத் தந்தி மாற்றினேன். அதுவரை 0.010 அங்குலத் தடிமனில் தொடங்கும் செட். விரல் வலிக்கிறதே என்று 0.009-க்கு இறங்கினேன். மறுநாள் காலை, கிட்டாரின் கழுத்தான நெக்கில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் முதல் நான்கில் எங்கே அழுத்தினாலும் ஜிர்ரென்று ஓர் அதிர்வு. தந்தி ஃபிரெட்டில் உரசுகிறது, உயர்த்தினால் போயிற்று என்று பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் துண்டுகளான ஆறு சாடில்களையும் ஏற்றினேன். சத்தம் பாதிதான் குறைந்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் அழுத்தவே முடியாத உயரம் வந்துவிட்டது, சுருதியும் கெட்டது. ஒரு கடையில் காட்டியபோது, ஃபிரெட் தேய்ந்துவிட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள்.

ஃபிரெட் தேயவே இல்லை. நெக்கின் உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று தளர்த்தியதும் சத்தம் நின்றது.

அந்தக் கால் சுற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என்னுடையது ஸ்டிராட்டோகாஸ்டர் வகை. 1954-இல் ஃபென்டர் கொண்டுவந்த அமைப்பு: ஆறு தனித்தனி சாடில், ஸ்பிரிங்கில் அசையும் டிரெமலோ பிரிட்ஜ், நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளத் துண்டு) சாடில் வரை 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. வேறு வகை வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். தந்தி மாற்றுவதும் சுருதி சேர்ப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். புதுத் தந்தி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, சுருதி சேர்த்த பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

கருவிகள்

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் கட்டாயம் வேண்டும். கிட்டார் கடையில் தேடாதீர்கள். பைக் உதிரிபாகக் கடையில், மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே தகட்டுக் கட்டு போதும். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ கேட்கலாம். தகடுகளில் எண்ணெய் தடவியிருக்கும், துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அரை மி.மீ. கோடு போட்ட 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், எல்லாத் தந்தியையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போ, ட்யூனர். செல்பேசிச் செயலியைவிட நேராக வயரில் சொருகும் ட்யூனரையே நான் நம்புகிறேன். மின்விசிறி ஓடும் அறையில் செயலியின் முள் நிற்பதே இல்லை.

ஆலன் கீயில் ஓர் எச்சரிக்கை. பல கிட்டார்களின் டிரஸ் ராட் துளை 1/8 அங்குலம், அதாவது 3.175 மி.மீ. நம் ஊர் செட்டில் இருக்கும் 3 மி.மீ. கீ அதில் போகும், சற்று ஆடும். அந்த ஆட்டத்தோடு திருகினால் துளையின் ஆறு முனையும் மழுங்கி, பிறகு எந்தக் கீயும் பிடிக்காது. வேறு பல கிட்டார்களுக்கு 4 மி.மீ. சரியாக வரும். கச்சிதமாக உட்காரும் கீ கிடைக்கும்வரை கை வைக்காதீர்கள்.

நெக்

நெக் நேர்க்கோடாக இருக்கக் கூடாது. அதிரும் தந்தி நடுவில் அகலமாக ஆடும். அதற்கு இடம் கொடுக்க நெக் நடுவில் துளி குழிந்திருக்க வேண்டும். ஆறு தந்திகளும் சேர்ந்து நெக்கை முன்பக்கம் வளைக்கப் பார்க்கும். உள்ளே ஓடும் இரும்புக் கம்பி, அதுதான் டிரஸ் ராட், எதிர்ப்பக்கம் வளைக்கப் பார்க்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் நெக் நிற்கிறது. நான் மெல்லிய தந்தி போட்டதும் ஒரு பக்கத்து இழுப்பு குறைந்தது. ராட் அதே பலத்தில் இழுத்துக்கொண்டிருக்க, நெக் பின்னுக்கு வளைந்தது. முதல் ஃபிரெட்டுகளில் தந்தி உரசியதற்கு அதுதான் காரணம். நான் சாடிலைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அளப்பது இப்படி. கிட்டாரை வாசிக்கும் நிலையில் மடியில் வையுங்கள். படுக்க வைத்தால் நெக்கின் எடையே அளவை மாற்றும். முதல் ஃபிரெட்டில் கேப்போ. வலது கையால் தடித்த ஆறாம் தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே உங்கள் மட்டக்கோல். எட்டாம் ஃபிரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியில் 0.25 மி.மீ. தகட்டை நுழையுங்கள். தகடு உரசிக்கொண்டு போக வேண்டும், தந்தி மேலே எழும்பக் கூடாது. தகடு கையில் இல்லாதபோது எட்டாம் ஃபிரெட்டுக்கு மேல் தந்தியை விரலால் தட்டிப் பாருங்கள். மெல்லிய 'டிக்' கேட்டால் இடைவெளி இருக்கிறது. என் கிட்டாரில் அன்று அந்த 'டிக்' கேட்கவே இல்லை. தந்தி ஃபிரெட்டின்மேல் படுத்துக் கிடந்தது.

இடைவெளி அதிகமானால் ராடை வலப்பக்கமாகத் திருகி இறுக்குங்கள். குறைவானால் இடப்பக்கமாகத் தளர்த்துங்கள். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகியதும் சுருதி மாறியிருக்கும். மறுபடி சேர்த்துவிட்டு அளங்கள். மரம் மெதுவாகத்தான் அசையும். நான் இரவில் திருகி, காலையில் இன்னொரு முறை அளக்கிறேன். இறுக்கும்போது கீ பலமாக எதிர்த்தால் நிறுத்திவிடுங்கள். ராட் முறிந்தால் நெக்கையே மாற்ற வேண்டியதாகலாம்.

டிரெமலோ

இந்த பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு தட்டில் தந்திகள், மறு தட்டில் பின்பக்க ஸ்பிரிங்குகள். ஒரு தந்தியை ஏற்றினால் பிரிட்ஜ் முன்னுக்குச் சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கும். தொடங்குபவர்களுக்கு என் உறுதியான கருத்து: பின் மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகுகளையும் சமமாக இறுக்கி, பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிடுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் வேண்டுமென்றால் பின் விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மி.மீ. உயர்ந்திருக்கலாம், ஆனால் இன்டோனேஷன், அதாவது எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வரச் செய்வது, ஒரு முறை கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.

தந்தியின் உயரம்

கேப்போவை எடுத்துவிட்டு, பதினேழாம் ஃபிரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிப்பக்கம்வரை ஸ்கேலால் அளங்கள். 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். பலமாக மீட்டுபவர்கள் 1.8 வரை போகலாம். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு குட்டித் திருகுகள். இரண்டையும் ஒன்றாகத் திருப்பி, சாடில் சாயாமல் பாருங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இங்கேதான் சிக்கல். உள்ளங்கை வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து இந்தத் திருகுகளைப் பிடித்துவைத்திருக்கும். முரட்டுத்தனம் காட்டினால் தலை மழுங்கும். ஊசி முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டு, மரையில் விட்டு, ஓர் இரவு காத்திருங்கள். காலையில் செந்நிறத் துருக்கரைசல் கசிந்திருக்கும். திருகு மெதுவாக அசையும்.

இன்டோனேஷன்

வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்துச் சுருதிக்கு நகர்த்துவார்கள். மேளம் கட்டுதல் என்று அதற்குப் பெயர். கிட்டாரில் ஃபிரெட்டுகள் அசையாது. அதனால் தந்தியின் நீளத்தைச் சாடிலில் மாற்றுகிறோம்.

பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டி, மணி போன்ற ஒலியை ட்யூனரில் பாருங்கள். பிறகு அதே ஃபிரெட்டில் வழக்கமாக அழுத்தும் அளவுக்கே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுருதி ஏறியிருந்தால் தந்தி நீளம் போதவில்லை: சாடிலைப் பின்னுக்கு, நெக்கிலிருந்து விலக்கி, இழுங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு. நகர்த்துமுன் தந்தியைத் தளர்த்துங்கள், நகர்த்தியபின் மறுபடி சுருதி சேருங்கள்.

தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதியான பிக்கப்பின் உயரம் கடைசி. தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, காந்தத்தின் தலைக்கும் தந்திக்கும் இடையே தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. வையுங்கள். மிகவும் நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து ஒலியை அலைபாய வைக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு எதையும் அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் மூன்றாம் தந்தி ஜிர்ரென்கிறது. முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் சத்தமில்லை. அது நெக் அல்ல, நட்டின் பள்ளம் ஆழமாகத் தேய்ந்தது. நட் மாற்றுவதுதான் சரியான வழி. அதுவரை பள்ளத்தில் சிறிது சமையல் சோடாவைத் தூவி, உடனே ஒட்டும் பசை ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் மெல்ல அராவிப் பள்ளத்தை மறுபடி எடுக்கலாம்.

இன்னொருவருக்கு ஆறாம் தந்தியின் சாடில் எவ்வளவு இறுக்கியும் பின்னுக்கு வரவில்லை, சுருதியோ இன்னும் ஏறியே இருக்கிறது. திருகின்மேல் உள்ள ஸ்பிரிங் முழுதாக நசுங்கி வழியை அடைத்திருக்கும். திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கில் மூன்று நான்கு சுற்றை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.