பகலில் கண் செருகுகிறதா? இரவில் ஒரு பதிவு எடுங்கள்

மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடி. சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பின்னாலிருந்து வந்த ஹாரன் சத்தம்தான். காலை ஊன்றியபடியே தூங்கியிருக்கிறேன்! அன்றோடு சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் பார்த்த டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். தப்பு என் மேலும்தான், “டயர்டா இருக்கு” என்றுதானே சொன்னேன். அசதி வேறு, தூக்கம் வேறு. அசதியில் படுத்தாலும் கண் மூடாமல் கிடப்பவர்கள் உண்டு. எனக்கோ நாற்காலியில் சாய்ந்தாலே போதும். இதை அளக்க 1991-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. டி.வி. பார்க்கும்போது, மதியம் சாப்பிட்டு உட்காரும்போது என்று 8 சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எனக்கு 17.

ஆனால் எவ்வளவு தூக்கம் என்றுதான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. அதற்கு நான் கேட்கும் கேள்வி: பகலில் ஒரு குட்டித்தூக்கம் போட்டு எழுந்தால் எப்படி இருக்கிறது?

எனக்குத் தலை கனக்கும். இரவு 8 மணி நேரம் படுத்தாலும் விடியும்போது தலைவலி, வறண்ட வாய்; நடுவே இரண்டு மூன்று தடவை சிறுநீர். ஒரு ராத்திரி மனைவி செல்போனில் பதிவு செய்தாள். குறட்டை ஏறிக்கொண்டே போய் டக்கென்று நிற்கிறது. ஃபேன் சத்தம் மட்டும். அவள் மெதுவாக எண்ணுவது கேட்கிறது. இருபத்து மூன்றில், கிணற்றில் முங்கி எழுந்தவன் போல ஒரு பெரிய இழுப்பு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இதுதான். ஒல்லியானவர்களுக்கும் வரும்.

அக்கா மகன் கதை வேறு. 15 நிமிடம் தூங்கினால் பளிச்சென்று எழுவான், கொஞ்ச நேரத்தில் மறுபடி சொக்குவான். ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தபோது முழங்கால் மடங்கி, காபி டம்ளர் கைநழுவியது. நினைவு மட்டும் தப்பவில்லை. வலிப்பு என்று பயந்தோம். ஆனால் அது நார்கோலெப்சி, தூக்கத்தையும் விழிப்பையும் மூளையால் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நோய். அவனை அமுக்குவான் பேயும் படுத்தியது. ஆனால் அது எப்போதாவது யாருக்கும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இரவு பத்துப் பதினோரு மணி நேரம், பகலில் இரண்டு மணி நேரம் தூங்கியும் தெளியாதவர்களும் உண்டு. அது இடியோபதிக் ஹைப்பர்சோம்னியாவாக, அதாவது காரணம் தெரியாத அதிகத் தூக்கமாக இருக்கலாம். அரிதானது, மற்றக் காரணங்களை விலக்கிய பிறகுதான் அந்தப் பெயர் வரும்.

விலக்க வேண்டியவை சாதாரணமானவை. ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை தூங்கி அன்றைக்கு மட்டும் தெளிவாக இருந்தால், வாரமெல்லாம் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். அலர்ஜிக்குப் போடும் செட்டிரிசினும் பகலில் அமுக்கும். ராத்திரி கால்களைக் குடைந்து, எழுந்து நடந்தால் அடங்குகிறதா? உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பரிசோதனை ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடியோடு, அதாவது தூங்கும்போது மூச்சையும் மற்றதையும் கருவி வைத்துப் பதிவதோடு முடிந்தது. அக்கா மகனுக்கு மறுநாள் பகலிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறான் என்று பார்த்தார்கள்.

போகும்போது இரண்டு வாரத் தூக்கக் கணக்கும் அந்தப் பதிவும் கையில் இருக்கட்டும். நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் டாக்டர் கையமர்த்திவிட்டு போனைக் காதருகே வைத்தார். மனைவி இருபத்து மூன்று எண்ணி முடிப்பதற்குள் சீட்டை இழுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.