கால்வே பக்கம் வீடு பாக்கறவங்க, சர்வேயருக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

அயர்லாந்துல இருக்கற இந்தக் கால்வேக்கு வர்ற நம்மாளுங்க எனக்குத் தெரிஞ்சு முக்காவாசி ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் வர்றாங்க, வரிக்கு வேண்டிய பிபிஎஸ் நம்பர், இங்க தங்கறதுக்கான ஐஆர்பி கார்டு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் ஹெச்ஆர்லயே சொல்லிடுவாங்க, அதுக்குள்ள நான் போகல. நம்ம ஊர் லைசென்ஸை மட்டும் இங்க மாத்தித் தர மாட்டாங்க, தியரி டெஸ்ட், கிளாஸ்னு முதல்லருந்து வரணும், சீக்கிரம் ஆரம்பிச்சிடுங்க. ஏன்னா சிட்டி வாடகை கட்டுப்படியாகாம நீங்களும் எங்கள மாதிரி மேற்கால கடலோரமாத்தான் வந்து நிப்பீங்க, அங்க கார் இல்லாம கஷ்டம்.

நாங்க இருக்கறது ஸ்பிடேல். சிட்டிலருந்து இருபது கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா ஒரே ரோடு, காலைல வழில பார்னாங்கற ஊர்கிட்ட வண்டி நின்னுச்சுன்னா காரும் 424 பஸ்ஸும் ஒண்ணுதான். இது கேல்தாக்ட், ஐரிஷ் பேசற ஏரியா. ஊர்ப்பேரு போர்டுல ஐரிஷ் மட்டும்தான், முதல் வாரம் கால்வேங்கற பேரைத் தேடிட்டே தப்பான பக்கம் போயிட்டேன், அது ஐரிஷ்ல Gaillimh-னு எழுதியிருக்கும். ஸ்பிடேல்ங்கற பேரே ஆஸ்பத்திரிங்கற வார்த்தைலருந்து வந்ததாம், யோசிச்சா ரெண்டும் ஒரே வேர். நான் நைட் ட்யூட்டி முடிச்சுட்டு வந்தா, "ஒரு ஆஸ்பத்திரிலருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தூங்க வர்றா"ன்னு என் வீட்டுக்காரர் ஓட்டுவாரு.

இப்ப மேட்டருக்கு வரேன். போன வருஷம் இந்தப் பக்கம் புதுசா கட்டின ஒரு சின்ன எஸ்டேட்ல, அதாவது குடியிருப்புல, வீடு பாத்தோம், மூணு பெட்ரூம், மாடி ஜன்னல்ல நின்னா கடல். விலை சிட்டியை விடக் கம்மி. நம்ம ஊர்னா பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம்னு கொடஞ்சிருப்போம், இங்க எல்லாம் கரெக்டா இருக்கும்னு ஒரு நெனப்பு. ஏஜெண்ட் சாவியை ஆட்டிட்டே "ஒரு சின்ன லாங்வேஜ் விஷயம் இருக்கு, சாலிசிட்டர் பாத்துப்பாரு"ன்னாரு, சாலிசிட்டர்னா இங்க பத்திரம் பாக்கற வக்கீல். ஏதோ ஃபார்ம் ஐரிஷ்ல இருக்கும்போலன்னு தலையாட்டிட்டு வந்துட்டோம்.

அஞ்சு வாரம் கழிச்சு சாலிசிட்டர் கூப்பிடறாரு. அந்த எஸ்டேட்டுக்கு ப்ளானிங் பர்மிஷன், அதாவது கட்டட அனுமதி, கொடுத்தப்பவே, இத்தனை வீடு ஐரிஷ் சரளமா பேசறவங்களுக்குத்தான்னு கண்டிஷன் போட்டிருக்காங்க, எங்களது அதுல ஒண்ணு. இந்தக் கண்டிஷன் பொதுவா 15 வருஷம் ஓடும், அதுவரைக்கும் விக்கறதா இருந்தாலும் அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் விக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஐரிஷ் "ஜீயா க்விச்"ங்கற வணக்கம், அவ்வளவுதான். புக்கிங் டெபாசிட் திரும்பி வந்துச்சு, காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடறவரைக்கும் அது நம்ம காசு. ஆனா கட்டடத்தைச் சோதிச்சுப் பாக்கற சர்வேயர், பேங்க் வேல்யூவேஷன், சாலிசிட்டர் அதுவரைக்கும் பாத்த வேலைன்னு ஆயிரத்துச் சொச்சம் யூரோ போச்சு, லோன் அப்ரூவலும் தேதி முடிஞ்சு மறுபடி முதல்லருந்து.

அதனால வீடு பிடிச்சதும் ஏஜெண்டுக்கு ஒரே ஒரு ஈமெயில்: இந்த வீட்டுக்கு லாங்வேஜ் கண்டிஷன் இருக்கா, இல்லையா? வாய்ல சொன்னா ஏத்துக்காதீங்க. எஸ்டேட்டோட ப்ளானிங் ஃபைலை இந்த ஊர் உள்ளாட்சியான கவுன்சிலோட வெப்சைட்ல ஓசிலயே பாக்கலாம், கண்டிஷன்ஸ் பக்கத்தை உங்க சாலிசிட்டருக்கு முதல் நாளே அனுப்பிடுங்க, சர்வேயரெல்லாம் அப்புறம்.

கோவம் ஏஜெண்ட் மேலதான், கண்டிஷன் மேல எப்படிக் கோவப்படறது? 'ஹிந்தி தெரியாது போடா' டி-ஷர்ட்டை பெட்டில வச்சு இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்த மனுஷன் என் வீட்டுக்காரர், சாலிசிட்டர் போனை வச்சதும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு போட்டிருக்கலாம்ல"ன்னாரு. எனக்கு வந்துச்சே எரிச்சல்!

இப்பவும் வாடகைக்குத்தான் இருக்கோம். ஸ்கூல்ல பாடம் நடத்தறது ஐரிஷ்லதான், எங்க பொண்ணு கடைக்காரம்மாகிட்ட படபடன்னு பேசறா. அந்தம்மா "ஜீயா க்விச்"னா நானும் அதையே திருப்பிச் சொல்லிட்டிருந்தேன். அப்படிச் சொல்லக்கூடாதாம், "ஜீயா"ன்னா கடவுள், கடவுள்னு அவங்க சொன்னா நாம மேரி மாதாவையும் சேத்து "ஜீயாஸ் முய்ரா க்விச்"னு சொல்லணுமாம். பால் பாக்கெட்டைக் கைல வச்சுட்டு, கடைல நிக்கவச்சு மூணு தடவை சொல்ல வச்சுட்டா என் பொண்ணு.