கடனாளர் நிலுவையில் ஆடிட் சாம்பிள் எடுப்பது எப்படி? எக்செல்லில் ஒரு முழுக் கணக்கு

ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சிஏ படிப்பின் நேரடிப் பயிற்சி) சேர்ந்த புதிதில் சீனியர் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "டெட்டார்ஸ்ல ஒரு அறுபது சாம்பிள் எடுத்துப் பாத்துடு." ஏன் அறுபது, எந்த அறுபது? வொர்க்கிங் பேப்பரில் எழுதி வைக்கும்படி இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும். அதற்கான கணக்குதான் இந்தப் பதிவு. டாலியும் எக்செல்லும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விதி. இந்தியாவில் 1 ஏப்ரல் 2009 முதல் தொடங்கும் கணக்குக் காலங்களுக்கு எஸ்ஏ 530, அதாவது ஆடிட் சாம்பிளிங்குக்கான தணிக்கைத் தரநிலை, நடப்பில் இருக்கிறது. அது சொல்வதன் சாரம்: தொகுதியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருந்தால்தான் அது சாம்பிளிங். "பத்து லட்சத்துக்கு மேல இருக்கிறதை மட்டும் பார்த்தேன்" என்பது தவறல்ல, தணிக்கை ஆதாரம் பற்றிய எஸ்ஏ 500 அதற்கு இடம் தருகிறது. ஆனால் அது சாம்பிளிங் ஆகாது. அங்கே பார்த்ததை வைத்துப் பத்து லட்சத்துக்குக் கீழே உள்ளவை பற்றி எதுவும் சொல்ல முடியாது.

படி 1: பட்டியலைச் சரிசெய்தல்

மார்ச் 31 நிலுவைப் பட்டியலை டாலியில் இருந்து எக்செல்லுக்கு எடுங்கள். டெபிட், கிரெடிட் என்று செல்லில் தெரிவது பல நேரம் வெறும் நம்பர் ஃபார்மட். உள்ளே மைனஸ் குறி இருக்காது. அப்படியே கூட்டினால் அட்வான்ஸ் கொடுத்த வாடிக்கையாளரின் கிரெடிட் நிலுவையும் கூடிவிடும். அதனால் கிரெடிட் நிலுவைகளைத் தனி ஷீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டு ஷீட்டின் மொத்தமும் ட்ரையல் பேலன்ஸோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம். அரைகுறைப் பட்டியலில் எடுத்த சாம்பிள் அந்த அரைகுறைப் பட்டியலுக்கு மட்டுமே சாட்சி.

படி 2: இடைவெளி

ஒரு நூல் வியாபாரியின் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். டெபிட் நிலுவை மொத்தம் 4.80 கோடி. பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை என்று ஆடிட் பார்ட்னர் முடிவு செய்தது 24 லட்சம். 95% நம்பிக்கை வேண்டும், பிழை எதுவும் எதிர்பார்க்கவில்லை என்றால் சாம்பிளிங்குக்கான நம்பிக்கை எண் அட்டவணை தரும் எண் 3. 24 லட்சத்தை 3-ஆல் வகுத்தால் 8 லட்சம். இதுதான் இடைவெளி. 4.80 கோடியை 8 லட்சத்தால் வகுத்தால் 60. சீனியர் சொன்ன அறுபது இப்படி வந்திருந்தால் சரி. போன வருட ஃபைலைப் பார்த்துச் சொன்னதென்றால் கணக்கை மறுபடி போடுங்கள்.

படி 3: தேர்வு

இங்கே நாம் வாடிக்கையாளரை எண்ணுவதில்லை, ரூபாயை எண்ணுகிறோம். 1-க்கும் 8 லட்சத்துக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு 8 லட்சமாவது ரூபாயும் யாரிடம் விழுகிறதோ அவரை எடுக்கிறோம். தொடக்க எண் 3,15,000 என்று வந்தால் அடுத்தது 11,15,000, அதற்கடுத்தது 19,15,000.

நிலுவைக்குப் பக்கத்தில் தொடர் கூட்டலுக்கு ஒரு நெடுவரிசை போடுங்கள். முதல் ஆள் 2,40,000: 3,15,000 இன்னும் வரவில்லை, விடுங்கள். இரண்டாவது ஆள் 1,10,000: கூட்டல் 3,50,000 ஆகிறது, இவர் தேர்வு. மூன்றாவது ஆள் 9,20,000: கூட்டல் 12,70,000, இவரும் தேர்வு. நான்காவது ஆள் 40,000: 13,10,000, இல்லை. ஐந்தாவது ஆள் 6,50,000: 19,60,000, தேர்வு.

இதை எக்செல்லே செய்யும். தொடர் கூட்டலில் தொடக்க எண்ணைக் கழித்து, இடைவெளியால் வகுத்து, இன்ட் ஃபார்முலாவில் போடுங்கள். விடை முந்தைய வரிசையிலிருந்து மாறினால் அந்த ஆள் தேர்வு. முதல் வரிசைக்கு மட்டும் மைனஸ் ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

8 லட்சமும் அதற்கு மேலும் உள்ள எல்லாரும் தானாகவே மாட்டுவார்கள். 25 லட்சம் உள்ளவரிடம் மூன்று முறையாவது விழும். அதனால் கடைசியில் ஆள் கணக்கு அறுபதுக்குக் குறைவாக வந்தால் பதற வேண்டாம்.

தொடக்க எண்ணை ராண்ட்பிட்வீன் ஃபார்முலாவில் எடுத்ததும் வேல்யூவாக பேஸ்ட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் எண் மாறும், சாம்பிளும் மாறும். எக்செல்லின் டேட்டா அனாலிசிஸில் உள்ள சாம்பிளிங் கருவி எனக்குப் பிடிக்காது, ரேண்டமாக எடுக்கச் சொன்னால் எடுத்ததையே மறுபடியும் எடுக்கும். ஐடியா, ஏசிஎல் போன்ற ஆடிட் மென்பொருள்கள் நல்லவைதான். ஆனால் சில நூறு வாடிக்கையாளர்களுக்கு எக்செல் போதும், கணக்கு கண்ணுக்கும் தெரியும்.

படி 4: சரிபார்த்தல்

நிலுவை சரிதானா என்று வாடிக்கையாளரிடமே கேட்கும் கன்ஃபர்மேஷன் கடிதம் அனுப்புங்கள். பதில் வராதவர்களுக்கு ஏப்ரல் முதல் பணம் வந்ததா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இன்வாய்ஸ், இ-வே பில், லாரி ரசீது. நடுவே அக்கவுண்டன்ட் அண்ணன் வருவார்: "தம்பி, அந்த ஃபைல் குடோன்ல கிடக்கு, வேற பில் பாத்துக்குங்களேன்." கூடாது. முறைப்படி கேன்சல் ஆன பில் என்றால் வேறு எடுக்கலாம். ஆவணம் கிடைக்கவில்லை, மாற்று வழியிலும் சரிபார்க்க முடியவில்லை என்றால் அது பிழைக் கணக்கில்தான் சேரும்.

படி 5: பிழை வந்தால்

ஆரம்பத்தில் நான் திணறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

இரண்டாவது ஆளின் நிலுவை 1,10,000 அல்ல, 99,000 என்று தெரிகிறது. பிழை 11,000, அதாவது 10%. அவர் தன் 1,10,000-க்கு மட்டுமல்ல, 8 லட்சத்துக்கும் பிரதிநிதி. ஆகவே கணிக்கும் பிழை 8 லட்சத்தில் 10%, 80,000. மூன்றாவது ஆளிடம் 20,000 பிழை. அவர் நிலுவை இடைவெளியைவிடப் பெரிது, அவருக்கு அவரே பிரதிநிதி. அங்கே 20,000 அப்படியே நிற்கும். மொத்தம் 1 லட்சம்.

24 லட்சம் எங்கே, 1 லட்சம் எங்கே என்று ஃபைலை மூடத் தோன்றும். மூடக் கூடாது. பார்க்காத நிலுவைகளில் ஒளிந்திருக்கக்கூடிய பிழைக்கும் இடம் விட வேண்டும். ஒரு பிழையும் வராமல் இருந்திருந்தாலே மேல் எல்லை, அதாவது 95% நம்பிக்கையில் பிழை அதிகபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்ற தொகை, 8 லட்சம் பெருக்கல் 3, 24 லட்சம். பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை முழுவதையும் அதிலேயே செலவழித்துவிட்டோம். முதல் பிழைக்கு அட்டவணை எண் 3-லிருந்து 4.75-க்கு ஏறுகிறது, வித்தியாசம் 1.75. 80,000 பெருக்கல் 1.75 என்றால் 1,40,000. அதோடு அந்த 20,000. மேல் எல்லை 25.60 லட்சம், 24 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இனி வழி, நிர்வாகத்தைக் காரணம் தேடித் திருத்தச் சொல்வது, சாம்பிளைக் கூட்டுவது, வேறு வகைச் சோதனை செய்வது. "அது ஒன்னு மட்டும் டைப்பிங் மிஸ்டேக்" என்ற பதிலை ஏற்றுக்கொள்வதற்குத் தனி ஆதாரம் வேண்டும். எஸ்ஏ 530 அதை மிக அரிதான சூழலில்தான் அனுமதிக்கிறது. பிழை வரும் என்று முன்பே தெரிந்த கம்பெனிக்குத் தொடக்கத்திலேயே இடைவெளியைச் சுருக்கிவிடுவது என் பழக்கம். வேலை கூடும், ஆனால் கடைசி வாரத்தில் மறுபடியும் கடிதம் அனுப்ப வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை: கிரெடிட்டார்ஸுக்கும் (கம்பெனி பணம் கொடுக்க வேண்டிய சப்ளையர்கள்) இதே முறையா என்று கமென்டில் சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இது கூட்டிக் காட்டிய தொகையைப் பிடிக்கும் முறை. கிரெடிட்டார்ஸில் பயம் குறைத்துக் காட்டுவதில். நிலுவை பூஜ்யம் என்று எழுதப்பட்ட சப்ளையர் மேல் ஒரு ரூபாயும் விழாது, அவர் தேர்வாக வழியே இல்லை. அங்கே லெட்ஜரை விட்டுவிட்டு வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்த பணம், மார்ச் கடைசியில் சரக்கு வந்ததற்கான ரசீதுகள், ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (சப்ளையர்கள் பதிந்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) இருந்தும் புத்தகத்தில் ஏறாத பில்கள். சாம்பிளை இவற்றிலிருந்து எடுத்து லெட்ஜரில் தேடுங்கள்.